பழைய பைப்: கேள்வியும் பதிலும்

கைமாறி வரும் பழைய பைப்களை (சுங்கான் என்றால்தான் சிலருக்குப் புரியும்) தேடி வாங்கித் தேற்றுவோர் அனுப்பிய கேள்விகள் இவை. புகைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், அடுக்கி வைத்து அழகு பார்ப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். வேலை இருவருக்கும் ஒன்றுதான். பதில்களில் புகையிலை எரியும் இடத்தைக் கிண்ணம் என்றும், வாயில் வைக்கும் கறுப்புத் துண்டைக் குழல் என்றும், இரண்டுக்கும் நடுவே மரத்தில் நீண்டிருக்கும் பகுதியைத் தண்டு என்றும் சொல்லியிருக்கிறோம். குழலின் முனையில் தண்டின் துளைக்குள் நுழையும் பகுதி, தச்சர் சொல்லும் கழுந்து.

கேள்வி: படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: நான்கு படங்களைக் கேட்டு வாங்குங்கள். கிண்ணத்தின் உட்குழி மேலிருந்து தெரிய ஒன்று, குழலின் வாய்முனை இரு பக்கமும் தெரிய ஒன்று, குழலும் தண்டும் சேரும் இடம் ஒன்று, தண்டில் பதித்த எழுத்துகள் ஒன்று. எழுத்து தேய்ந்துபோன பைப்பைத்தான் பெரும்பாலும் மங்கலாகப் படம் எடுப்பார்கள்.

உட்குழியில் கரி அப்பிக் கிடப்பதும் குழல் பழுப்பேறியிருப்பதும் பார்க்கத்தான் அசிங்கம், இரண்டும் போய்விடும். விலையைப் பேசிக் குறைக்க உதவுவதும் அவைதான். பயப்பட வேண்டியவை வேறு. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே மரமே எரிந்து போயிருக்கிறது. கிண்ணத்தின் வெளிச்சுவரில் ஓரிடம் மட்டும் வட்டமாகக் கறுத்திருந்தால் தீ உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. தண்டின் வாயில் மயிரிழைபோலக் கீறல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளி வளையம் இருந்தால் இன்னும் கவனம் தேவை: கீறிய தண்டை இறுக்கிப் பிடிக்கப் பின்னால் வளையம் போடுவது பழைய வழக்கம். வளையம் பதித்த எழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் அது தொழிற்சாலையில் போட்டது இல்லை.

நேரில் பார்க்க முடிந்தால் பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றை வாய்முனையிலிருந்து செலுத்துங்கள். உட்குழியின் அடியில் வந்து எட்டிப் பார்க்க வேண்டும். காற்றுத்துளை உட்குழியின் அடித்தளத்தை ஒட்டித் திறப்பதுதான் முறை. துளைக்குக் கீழே இன்னொரு பள்ளம் இருந்தால், கரியோடு சேர்த்து மரத்தையும் யாரோ கத்தியால் தோண்டியிருக்கிறார்.

கேள்வி: குழல் அசையவே மாட்டேன் என்கிறது. பலமாகத் திருகலாமா?

பதில்: கழுந்து ஒடிவது இப்படித்தான். பல ஆண்டு காய்ந்த புகைப்பிசின் பசையைப்போலக் கழுந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தின் வழியாகத் தண்டுக்குள் நாலைந்து சொட்டு ஆல்கஹால் விட்டு, குழல் கீழே இருக்குமாறு சாய்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு பையில் போட்டு 30 நிமிடம் உறைபெட்டியில் வைக்கலாம். குளிரில் எபோனைட் (குழல் செய்யும் இறுகிய ரப்பர்) மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும், பிடி தளரும். எடுத்ததும் கிண்ணத்தைப் பிடிக்காமல் தண்டைப் பிடித்துக்கொண்டு, குழலை ஒரே திசையில் மெல்லத் திருகியபடி இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. வரவில்லையென்றால் மறுபடி ஆல்கஹால், மறுபடி குளிர். மூன்று முறைகூட ஆகலாம்.

திருகும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேவூடி போன்ற சில பைப்களில் கழுந்துக்குப் பதில் உலோக மரை இருக்கும். அவை சாதாரணத் திருகாணிபோல இடப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தண்டின் முனையில் வெள்ளித் தொப்பி போட்டு, குழலைச் சும்மா செருகும் வகையில் திருகவே தேவையில்லை, நேராக இழுத்தால் போதும்.

ஏற்கெனவே ஒடித்துவிட்டவர்களுக்கு: தண்டுக்குள் மாட்டிய துண்டின் காற்றுத்துளையில் சரியான அளவுத் திருகாணியை இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, குளிரவைத்து, நேராக இழுங்கள். அதிகம் ஏற்றினால் துண்டு விரிந்து தண்டையே பிளந்துவிடும். புதுக் கழுந்தை டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பியில் கடைந்து, குழலில் துளையிட்டு ஒட்ட வேண்டும். துளை அரை டிகிரி சாய்ந்தாலும் குழல் கோணலாக நிற்கும். கடைசல் எந்திரம் இல்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

கேள்வி: உட்குழியைச் சுத்தம் செய்ய உப்பும் ஆல்கஹாலும் போடச் சொல்கிறார்கள். சிலர் உப்பே கூடாது என்கிறார்கள். எது சரி?

பதில்: முதலில் கரி. அது ஓரளவு இருப்பது நல்லதுதான், மரத்தைத் தீயிலிருந்து காக்கும். 1 முதல் 1.5 மி.மீ. வரை போதும். அதற்கு மேல் தடித்தால் சூட்டில் கரி ஒருவிதமாகவும் மரம் ஒருவிதமாகவும் விரிந்து கிண்ணம் பிளக்கும். ஆனால் அந்தக் கணக்கு நாமே புகைத்து வளர்த்த கரிக்கு. யார் வைத்திருந்தார் என்றே தெரியாத பைப்பில் மரம் தெரியும்வரை எடுத்துவிடுவதே எங்கள் கட்சி. கரிக்குப் பின்னால் விரிசல் இருக்கிறதா என்று வேறு எப்படித் தெரியும்?

ரீமரில் (உட்குழியில் சுற்றிக் கரியைச் சுரண்டும் கருவி) மிகச் சிறிய தலையை மாட்டித் தொடங்குங்கள். அழுத்தாமல் சுற்றுங்கள், பொடியாக உதிர வேண்டும். கட்டியாகப் பெயர்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். கரி மரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரக்கூடும். பேனாக்கத்தி வேண்டாம். அதன் முனை அடியைத் தோண்டும், அலகு விளிம்பைச் சீவும், வட்டக் குழி முட்டை வடிவமாகும். இரும்புபோல இறுகிய கரியென்றால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை ஓரிரு மணி நேரம் உள்ளே வைத்து இளக்கிக்கொள்ளலாம். கடைசி மிச்சத்தை, உருளைக் கட்டையில் சுற்றிய 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள்.

அடுத்தது பிசின். தண்டுக்குள் ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனரை விட்டு விட்டு எடுங்கள். முதல் பத்து கறுப்பாக வரும், அப்புறம் பழுப்பு. இருபது முப்பது ஆவது சாதாரணம். தண்டின் துளைச்சுவரில் பாறைபோல ஒட்டியிருப்பதைத் தட்டை முனையுள்ள பல்வைத்தியக் கரண்டியால் சுரண்டலாம்.

இப்போது உங்கள் கேள்வி. பிசின் மரத்துக்குள் ஊறியிருக்கும். அதை வெளியே இழுக்கத்தான் உப்பும் ஆல்கஹாலும். முறை எளிது. முறுக்கிய பஞ்சுத் திரியைத் தண்டின் துளை வழியே கிண்ணத்தின் காற்றுத்துளைவரை செலுத்தி அடையுங்கள். கிண்ணத்தைப் பஞ்சால் நிரப்புங்கள், இறுக்க வேண்டாம். 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தில் ஆல்கஹாலையோ 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ சொட்டுக்குழலால் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை விடுங்கள். அரை மணியில் மட்டம் இறங்கும். மறுபடி ஒருமுறை நிரப்பிவிட்டு, சாயாமல் நிறுத்தி இரவு முழுக்க வையுங்கள். காலையில் பஞ்சு தேநீர் நிறத்தில் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. இரண்டாம் சுற்றிலும் அதே நிறம் வந்தால் மூன்றாம் சுற்றும் தேவை.

பஞ்சுக்குப் பதில் உப்பைப் போட்டாலும் பிசின் வரும். சிக்கல் பின்னால்தான்: ஆல்கஹாலில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் உண்டு, அதில் உப்பு கரைந்து மரத்துக்குள் போகும், பிறகு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தண்டு வெடித்த பைப்கள் சிலவற்றுக்கு இதுவே காரணம் என்பவர்கள் உண்டு. பஞ்சு அதே வேலையைச் செய்யும்போது அந்த வம்பு எதற்கு?

இரண்டு எச்சரிக்கை. மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம். அதில் மெத்தனால் இருக்கும், வாயில் வைக்கும் பொருளுக்கு ஆகாது. ஆல்கஹால் வெளிப்பக்கம் வழிந்தால் சாயமும் ஷெல்லாக் பூச்சும் கரைந்து வெள்ளைத் தடம் விழும். கையில் எப்போதும் ஒரு துணி இருக்கட்டும்.

கேள்வி: கறுப்புக் குழல் பச்சையும் பழுப்புமாகிவிட்டது. வெந்நீரில் ஊறவைத்தேன், இன்னும் மோசமானது. ஏன்?

பதில்: அது வல்கனைட், அதாவது எபோனைட்: கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பில் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறும். வாயில் வைத்தால் நெருப்புக்குச்சிபோலக் கசக்கும். சூடு இந்த வினையை விரைவாக்கும். வெந்நீரில் போட்டது அதனால்தான் விபரீதமானது. ஜன்னலோரம் அடுக்கி வைத்தாலும் இதே கதை, கொஞ்சம் மெதுவாக. அக்ரிலிக் குழலுக்கு இந்த வியாதி கிடையாது.

குழலில் நிறுவனச் சின்னம் இருந்தால் முதலில் அதன்மேல் வாசலின் தடவுங்கள். சோடியம் பெர்கார்பனேட் உள்ள சலவைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து நாலைந்து மணி நேரம் ஊறவையுங்கள். பழுப்பு இளகி மேலே வரும். எடுத்துக் கழுவி, மெலமைன் பஞ்சால் தேய்த்தால் பாதி போய்விடும். குளோரின் பிளீச்சில் போடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நிறம் போகும், கூடவே மேற்பரப்பு அரித்துப் பொத்தலாகும், அதைத் தேய்த்து மட்டப்படுத்தக் குழலின் உருவத்தையே கொஞ்சம் இழக்க வேண்டிவரும்.

மிச்சத்துக்கு உப்புத்தாள், தண்ணீர் தொட்டு: 400, 600, 1000, 1500, 2000. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய தாளின் கோடு முழுக்க மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். 400-இன் கோடு 2000-க்குப் பிறகு மெருகில் பளிச்சென்று தெரியும், திரும்ப முதலிலிருந்து. உலர்ந்த தூளைச் சுவாசிக்காதீர்கள், ஈரமாகத் தேய்ப்பதில் அந்த லாபமும் இருக்கிறது.

பலரும் கெடுக்கும் இடம் கழுந்தின் பக்கத்து ஓரம். குழலைத் தனியாகக் கழற்றித் தேய்த்தால் அந்த ஓரம் மழுங்கும், மாட்டும்போது தண்டுக்கும் குழலுக்கும் இடையே ஒரு பள்ளக்கோடு தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வெட்டி, நடுவே துளையிட்டுக் கழுந்தில் மாட்டிக்கொண்டு தேயுங்கள். தாள் தகட்டைத் தேய்க்கும், ஓரம் கூர்மையாக இருக்கும்.

கடைசியில் மினரல் எண்ணெய் ஒரு பூச்சு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, இருட்டான இடத்தில் வையுங்கள். சமையல் எண்ணெய்கள் வேண்டாம், சிக்கு நாற்றம் வரும்.

கேள்வி: வாய்முனையில் பல் பதிந்த குழிகள். நிமிருமா?

பதில்: வல்கனைட் என்றால் பெரும்பாலும் நிமிரும். சூடு பட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. லைட்டர் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் இரண்டு மூன்று விநாடி ஓடவிட்டு எடுங்கள், பாருங்கள், மறுபடி ஓடவிடுங்கள். கந்தக வாடை வந்தால் அதிகமாகிவிட்டது, நிறுத்துங்கள். வளைந்த குழலில் இதைச் செய்யும்போது காற்றுத்துளைக்குள் ஒரு பைப் கிளீனர் இருக்கட்டும். இளகிய குழல் வளைவு மாறி, துளை நசுங்கிவிடும்.

நிமிராத குழிகளுக்கும் அக்ரிலிக்குக்கும் நிரப்புவதுதான் வழி. கறுப்பு சூப்பர் குளூ, அல்லது சாதாரண சூப்பர் குளூவில் நுண்ணிய கரித்தூள். குழியை ஆல்கஹாலால் துடைத்து, பசையைச் சற்று மேடாக வைத்து, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு அரம் போட்டால் பசை இழுபட்டுக்கொண்டு வரும், காற்றுக்குமிழிப் பொத்தல்கள் தெரியும்.

கேள்வி: சுத்தம் செய்த பிறகு குழல் முழுதாக உள்ளே போகவில்லை. கழுந்தைத் தேய்த்துச் சரிசெய்யலாமா?

பதில்: கூடாது. ஆல்கஹாலில் மரம் ஊறி உப்பியிருக்கும், மூன்று நாள் காயவிடுங்கள். அப்போதும் இடைவெளி இருந்தால் தண்டின் துளையடியில் பிசின் வளையம் ஒன்று பாக்கி இருக்கிறது. துளையின் அளவேயான துரப்பண அலகைக் கையால் மட்டும் சுற்றி அதை எடுங்கள். இறுக்கம் மட்டும் என்றால் கழுந்தில் பென்சில் கிராஃபைட் தடவினால் போதும்.

கேள்வி: விளிம்பு கருகியிருக்கிறது. கிண்ணத்தில் இடித்த பள்ளமும் உண்டு.

பதில்: கருகியதா, கரி படிந்ததா என்று முதலில் பாருங்கள். எச்சில் தொட்ட துணியால் அரைமணி பொறுமையாகத் தேய்த்தால் படிந்தது போய்விடும். கேட்க முகம் சுளிக்கும், ஆனால் இதைவிட மென்மையான கரைப்பான் இல்லை. கீழே மரம் நன்றாக இருந்தால் அதோடு விடுங்கள்.

உண்மையிலேயே கருகியிருந்தால், சமதளத்தில் 220-ஆம் எண் உப்புத்தாளை விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாக நாலு சுற்று. எடுத்துப் பாருங்கள். மறுபடி நாலு. அரை மி.மீ. குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு மி.மீ. தாண்டினால் பைப்பின் உருவமே குட்டையாகிவிடும். ஆகவே கொஞ்சம் கருகல் மிஞ்சினாலும் உட்பக்க விளிம்பை லேசாகச் சரித்துத் தேய்த்து மறைத்துக்கொள்வது புத்தி. மணல் வீசிச் செதுக்கிய சொரசொரப்பு விளிம்புள்ள பைப்புக்கு இந்த வேலையே ஆகாது. பித்தளைத் தூரிகை மட்டும்.

இடித்த பள்ளத்தை நீராவி நிமிர்த்தும். ஈரத்துணியை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையை ஐந்து முதல் பத்து விநாடி வையுங்கள். நாலைந்து முறை. நசுங்கிய நார் எழும்பும். பெயர்ந்துபோன மரம் எழும்பாது. பதித்த எழுத்தின் அருகே இதைச் செய்யவே கூடாது. எழுத்தும் நசுங்கிய நார்தானே, அதுவும் எழும்பி மறைந்துவிடும்.

கேள்வி: வெள்ளி வளையத்தில் நங்கூரம், சிங்கம், ஓர் ஆங்கில எழுத்து. எந்தக் காலம்?

பதில்: நங்கூரம், வெள்ளியின் தரம் பார்க்கும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் சின்னம். நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளி என்பதற்கு. எழுத்துதான் ஆண்டு. அதே எழுத்து சுற்றிச் சுற்றி வரும், எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துத்தான் அட்டவணையில் பார்க்க வேண்டும். சிறுத்தைத் தலை லண்டன். முடிசூடிய யாழ் டப்ளினில் சோதித்த வெள்ளி. கோதுமைக் கட்டுகளும் வாளும் செஸ்டர். அந்தச் சாலை 1962-இல் மூடப்பட்டது, ஆகவே வளையம் அதற்கு முந்தியது.

ஆனால் அது வளையத்தின் வயது. பைப்பின் வயதைத் தண்டு சொல்ல வேண்டும். டன்ஹில் பைப்களில் 'இங்கிலாந்து' என்ற சொல்லை அடுத்த சிறிய எண் ஆண்டுக் குறி. ஒரே எண் வெவ்வேறு பத்தாண்டுகளில் திரும்ப வருவதால் எண்ணின் அளவும் அடிக்கோடும் முக்கியம். பீட்டர்சனில் 'ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து' என்றிருந்தால் 1940-களின் இறுதிக்குப் பிந்தியது. கொமாய்ஸ் குழலில் 'சி' எழுத்து மூன்று துண்டாக இழைத்துப் பதித்திருந்தால் பழையது. இதனால்தான் மெருகுச் சக்கரத்தை எழுத்தருகே கொண்டுபோகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வெள்ளியையும் மென்துணியால் துடைத்தால் போதும்.

பீட்டர்சன் சிஸ்டம் வகை கையில் கிடைத்தால் ஒரு குறிப்பு: 1890-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில் தண்டுக்குள் ஈரம் தேங்க ஒரு குழி உண்டு. பைப் கிளீனர் உட்குழிவரை போகாது, குறையென்று நினைத்துவிடாதீர்கள். அழுக்கு அந்தக் குழியில்தான் இருக்கும். முறுக்கிய பஞ்சால் துடையுங்கள்.

கேள்வி: வெள்ளைக் கல் பைப்புக்கும் ஆல்கஹால் முறை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அது மீர்ஷாம், செபியோலைட் என்ற மென்கனிமம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் அதற்குப் பேர்போன இடம். பஞ்சுபோல உறிஞ்சும், நனைந்தால் மேலும் மெத்தென்றாகும். உள்ளே கரி வளரவே விடக்கூடாது. ரீமரும் வேண்டாம், 220-ஆம் எண் தாளை விரலில் சுற்றி மெல்லத் தேயுங்கள். வெளியே சற்று ஈரமான துணி. ஆண்டுகளாக ஏறிய தேன் நிறத்தை அழுக்கென்று தேய்த்துவிடாதீர்கள், மதிப்பே அதில்தான்.

குழல் மஞ்சளாக இருந்தால் அம்பராக (கல்லாகிய மரப்பிசின்) இருக்கலாம். உலோகம் எதுவும் ஒட்டியிராவிட்டால், உப்பு இனிக் கரையாது என்னும் அளவு கரைத்த நீரில் போட்டுப் பாருங்கள். அம்பர் மிதக்கும், பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக் மூழ்கும். அம்பரென்றால் ஆல்கஹால் அதன் மெருகைக் கெடுக்கும், கீழே விழுந்தால் கண்ணாடிபோல உடையும்.

கேள்வி: கரியை எடுத்ததும் உட்சுவரில் விரிசல்கள் தெரிகின்றன. பைப் அவ்வளவுதானா?

பதில்: ஊசியால் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்து, விரிசல் நகம் மாட்டாத அளவு ஆழம் என்றால் வெறும் சூட்டுக் கோடு. சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அப்பி, இரண்டு நாள் காயவிட்டால் போதும். ஊசி மெத்தென்று இறங்கினால் மரம் கரியாகியிருக்கிறது. அதை முழுக்கச் சுரண்டியெடுத்து, சூடு தாங்கும் எபாக்ஸியால் நிரப்பலாம்; பசை நேரே தீயைத் தொடுவதை விரும்பாதவர்கள் அந்தப் பைப்பைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளட்டும். வெளிச்சுவர்வரை வந்திருந்தால் நாங்களும் அதையே சொல்வோம்.

தேய்த்து வெறும் மரமான உட்குழிக்கு மேல்பூச்சு: புளிக்காத கெட்டித் தயிரில் ஆக்டிவேட்டட் கரித்தூளைக் குழைத்து, தாள் கனத்தில் தடவி, ஒரு நாள் உலரவிடுங்கள். தயிர் வாடை தங்காது. காற்றுத்துளையில் பைப் கிளீனரைச் செருகிவிட்டுத் தடவுங்கள். மறந்தால் துளை அடைத்துக்கொள்ளும். முதல் சில தடவை உள்ளே சுரண்டாதீர்கள்.

கேள்வி: சோளத்தக்கைப் பைப் ஒன்று கிடைத்தது. தேற்றலாமா?

பதில்: வேண்டாம். தக்கை பிசினை உறிஞ்சிவிடும், ஆல்கஹாலுக்குத் தாங்காது, புதிதே மலிவு. குழல் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.